டவுன்லோடுக்குச் சந்தாவாம்!

ஏனுங்க, கோவிச்சுக்கப்படாது. உங்க செல்லை எட்டிப் பாத்தேன்னு நெனைக்காதீங்க, பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்தா கண்ணு தானாப் போகுது. அந்த 'இலவசம்'ங்கற பட்டனை அமுக்கறதுக்கு முந்தி ஒருக்கா யோசிச்சுக்குங்க. இன்னைக்கு இலவசம்பான். நாளைக்கு அது இல்லாம உங்களுக்குப் பொழப்பு ஓடாதுன்னு ஆனதும், எடு சந்தாவைம்பான். நான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவனுங்க, அதனால சொல்றேன்.

மோகனசுந்தரம்னு பேரு. காங்கயம். பஸ் ஸ்டாண்டுல எறங்கி சாஃப்ட்வேர்க்காரர் ஊடு எதுன்னு கேட்டீங்கன்னா ஆட்டோக்காரனே கொண்டாந்து வாசல்ல விடுவான். காங்கயம், வெள்ளகோயில், மூலனூரு, தாராபுரம்னு சுத்துப்பட்டுல இருக்கற சின்ன ஆஸ்பத்திரி பூராத்துலயும் ஓடறது நம்ம சாஃப்ட்வேர்தான். சீட்டுப் போடறது, ஸ்கேன் ரிப்போர்ட்டு, மருந்து, எந்தப் புள்ளத்தாச்சிக்கு எத்தனாவது மாசம், மறுக்கா எப்ப வரோணும், அத்தனையும் அதுக்குள்ள. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கெல்லாம் என்னைச் சிறப்பு விருந்தினராக் கூப்புட்டு, 'நம்ம மண்ணில் பிறந்த கணினி மேதை'ன்னு மைக்குல சொல்லிச் சால்வை போட்டிருக்காங்க.

நானே எழுதுனதான்னு கேக்கறீங்களா? எழுதறதுன்னா என்னங்க? ஓப்பன் சோர்ஸ்னு ஒண்ணு இருக்குது. எவனோ எழுதுவான். எழுதி, ஊருக்குப் பொதுன்னு இன்டர்நெட்டுல வெச்சிருவான். யாரு வேணாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம். இது வடக்க ஏழு பேரு சேந்து எழுதுனது. பேரு சொல்ல மாட்டேன், சொன்னா அவனுங்களுக்கு ஓசி விளம்பரம். மாத்திக்கலாம்னு லைசென்ஸ்லயே போட்டிருக்குது, அதனால மாத்துனேன். மொகப்புல அவனுங்க படத்தை எடுத்துட்டு 'மோகன் சாஃப்ட்'னு நீலக் கலர்ல போட்டு, பக்கத்துல ஒரு மயிலை நிக்க வெச்சேன். லைசென்ஸ்ல கீழ என்னமோ, எழுதுனவங்க பேரை மட்டும் எடுத்தராதீங்கன்னு ஒரு வரி இருந்துச்சு. அது சும்மா ஒப்புக்குப் போடறதுங்க. யாரு பாக்கப்போறா? எடுத்துட்டேன்.

நான் ஆஸ்பத்திரிக்காரங்க கிட்ட சாஃப்ட்வேருக்குன்னு காசு வாங்குனதே கெடையாது. வருசத்துக்கு ஒருக்காப் பராமரிப்புக் காசு, அவ்வளவுதான். ஏஎம்சி. சிரிக்காதீங்க, அது சந்தா இல்ல. அது வேற, இது வேற. நான் ஆளு வந்து நிக்கறனில்ல? இப்பக் கொஞ்ச வருசமா அப்டேட்டெல்லாம் தானா வந்து உக்காந்துக்கற மாதிரி போட்டு வெச்சுட்டேன், அதனால போறதில்ல. ஆனா வேணும்னா வந்து நிப்பேனில்ல?

அந்த அப்டேட்டுதானுங்க என் குடியக் கெடுத்துச்சு.

ஒரு திங்கக்கெழமை காலையில. டாக்டர் நித்யகல்யாணின்னு எங்கூர்ல பிரசவ ஆஸ்பத்திரி வெச்சிருக்கறாங்க, கைராசிக்காரம்மா. எனக்கு மொதல்ல கெடைச்ச ஆஸ்பத்திரி அதுதான், அந்தம்மா சொல்லித்தான் மத்த டாக்டருங்க எல்லாம் என்கிட்ட வந்தாங்க. திங்கக்கெழமைன்னா அங்க கூட்டம் அள்ளும். வரவேற்புல உக்கார்ற ஃபரீதான்னு ஒரு பொண்ணு போனு போட்டுச்சு.

"அண்ணா, ஸ்க்ரீனுல என்னமோ இங்கிலீசுல வந்து நிக்குதுங்ணா. இதுநாள் வரைக்கும் எங்க சாஃப்ட்வேரை வெச்சுக்கிட்டதுக்கு நன்றி, இனிமேட்டுக்கு ரெடியா இருக்கற டவுன்லோடு சந்தா கட்டுனவங்களுக்கு மட்டும்தான், சோர்ஸ் எப்பவும் போல எல்லாத்துக்கும் பொதுன்னு போட்டிருக்குது."

"அமுக்கி மூடு புள்ள," அப்படின்னேன்.

"மூடிட்டேனுங்ணா. ஆனா கீழ, இதை எழுதுனவங்கன்னு ஏழு பேரு பேரு இருந்துச்சு. உங்க பேரையே காணமே?"

நீங்களே சொல்லுங்க, அந்த நேரத்துல ஒரு மனுசன் வேற என்ன சொல்ல முடியும்? வைரஸ்னு சொன்னேன்.

சொன்னதுதான் தாமசம், டாக்டரம்மா லைனுக்கு வந்துட்டாங்க. "வைரஸா மோகன்? பேஷண்ட் விவரமெல்லாம் என்ன ஆகறது? உடனே வாங்க." போனேன். போயிட்டு, வைரஸ்னு சொன்னவன் சும்மா நிக்க முடியுங்களா? மிஷினைச் சுத்தமாத் தொடைச்சுட்டுப் புதுசா ஏத்துனாத்தான் போகும் மேடம், அரை மணி நேரம் குடுங்கன்னேன். விவரம் பூராத்தையும் ஒரு ஹார்டு டிஸ்க்குல பத்திரமா எடுத்து வெச்சேன். தொழில்ல நான் சுத்தம். அப்புறம் மிஷினைத் தொடைச்சேன். தொடைச்சுட்டு, புதுசா எறக்கலாம்னு அவனுங்க பக்கத்தைத் தொறந்தேன்.

பூட்டு!

'டவுன்லோடு'ங்கற பட்டன் எப்பவும் பச்சையா இருக்கும், அமுக்குனா எறங்கும். இப்ப அமுக்குனா, எந்த ஆஸ்பத்திரி, என்ன விலாசம், எந்த போன் நம்பரு, சந்தா கட்டுங்க, நாங்க ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டு விசாரிச்சுட்டுத் தொறந்து விடறோம்ங்கறான். என்ன திமிரு பாருங்க! என் ஆஸ்பத்திரிக்கு அவன் போன் போட்டு விசாரிப்பானாமா!

ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கலாமேன்னு கேக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. குழாயத் தொறந்தா தண்ணி வந்துட்டே இருக்கறப்ப எவனாவது குடத்துல புடிச்சு வெப்பானுங்களா? எங்கூர்ல குழாயில நெனச்சப்பத் தண்ணி வராது, எல்லாரும் புடிச்சுத்தான் வெப்போம், அது வேற விசயம். ஒவ்வொரு தடவையும் புதுசா அவன்கிட்ட இருந்தே எறக்கறது என் பழக்கம். வெள்ளகோயில்ல ஓடறதை நெட்டு வழியா அப்படியே அள்ளிட்டு வந்து இங்க போடலாம்னு பாத்தேன், ஓடல, வேரோட வராத செடி மாதிரி, உசுரே இல்ல அதுல.

என் பேர்லயே சந்தா கட்டியிருக்கலாமாங்க? கட்டியிருக்கலாம். ஆனா எதுக்குக் கட்டோணும்? கொள்கைன்னு ஒண்ணு இல்லீங்களா? இத்தன வருசம் சும்மா குடுத்துட்டு, நாம பழகுனதுக்கப்புறம் காசு கேட்டா அதுக்குப் பேரு என்ன? எச்சைத்தனம்!

சோர்ஸ், அதான் எழுதுன மூலம், பொதுன்னு போட்டிருந்தானே, அதை எறக்கிப் பாத்தேன். அதென்னன்னா, இத்தன நாளா அரைச்ச மாவாக் குடுத்துட்டிருந்தான், நாம ஊத்தி இட்டிலி சுட்டுட்டிருந்தோம். இப்ப அரிசியும் உளுந்தும் இந்தா இருக்குது, நீயே ஊறப்போட்டு அரைச்சுக்கோங்கறான். எனக்கு அரைக்கத் தெரியாதுன்னு இல்ல. நேரமில்ல. ஒரு மணி நேரம் அதோட மல்லுக்கட்டுனேன். செவப்புச் செவப்பா எழுத்து வந்துச்சே ஒழிய வேற ஒண்ணும் வரல.

இங்க ஆஸ்பத்திரியில தேர்த்திருவிழா மாதிரி கூட்டம். ஃபரீதா வெள்ளைப் பேப்பர்ல சீட்டு எழுதிக் குடுத்துட்டிருக்குது. அதுல ஒரு புள்ளத்தாச்சி, வலி எடுத்து வந்துட்டா. போன பிரசவத்துல ரத்தம் நிக்காம ரொம்பக் கஷ்டப்பட்டவளாம். என்ன மருந்து குடுத்தோம், எது ஒத்துக்கல, எல்லாம் உள்ளதான் இருக்குது. டாக்டரம்மா நேரா என்கிட்ட வந்து, "மோகன், அந்தப் பொண்ணோட பழைய விவரம் மட்டுமாவது எடுத்துக் குடுங்க, சீக்கிரம்"ங்கறாங்க. ஹார்டு டிஸ்க்கு என் சட்டைப் பையிலதான் இருக்குது, ஆனா சாஃப்ட்வேர் இல்லாம அது தொறக்காதே! எடுத்துட்டிருக்கறேன் மேடம்னேன். அந்தம்மா அந்தப் பொண்ணோட மாமியாக்காரியைக் கூப்புட்டுத் தூண்டித் துருவிக் கேட்டுட்டிருந்தாங்க. அவ்வளவு பெரிய டாக்டரு, வாயில கேட்டாத் தெரிஞ்சுக்க மாட்டாங்களா? என்னமோ நான்தான் வலி எடுக்க வெச்ச மாதிரி என்னைப் பாத்தாங்க.

எனக்கு வெறி வந்துருச்சு. அவனுங்க ஃபோரத்துல, ஊரே பாக்கற எடத்துல, எழுதுனேன். உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்லையா, ஓப்பன் சோர்ஸ்னு சொல்லிட்டுப் பிச்சை எடுக்கறீங்களான்னு கேட்டேன். இங்க ஒரு பிரசவ ஆஸ்பத்திரியே நிக்குது, இந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாதுன்னு போட்டேன். வெள்ளகோயில் மிஷினை இங்கிருந்தே தொறந்து, அதுல அந்த நோட்டீஸ் வந்து நிக்கறதை ஒரு படம் புடிச்சு அதையும் சேத்துப் போட்டேன், எங்க பொழப்புல நீங்க அடிச்ச மண்ணைப் பாருங்கடான்னு.

சித்த நேரத்துல பதில் வந்துச்சு. சுமேதான்னு ஒரு பொம்பள, நாக்பூரு. என்ன எழுதியிருந்தான்னா, "பிரசவ ஆஸ்பத்திரி நிக்கக் கூடாது. மொதல்ல இந்த லிங்க்கை எடுத்துப் போடுங்க, சந்தாவெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்." லிங்க் குடுத்திருந்தா. பாத்தீங்களா? பாத்தீங்களா? பயம்! நாலு வார்த்தை நாக்கைப் புடுங்கற மாதிரி கேட்டதும் கதவு தானாத் தொறக்குது. கேட்டாக் குடுக்கறவ எதுக்குப் பூட்டு போட்டா? அதான் சொல்றேன், வெறும் ஏமாத்து.

அதோட நிறுத்தியிருக்கலாமில்ல? கீழ எழுதறா, "உங்க மயில் அழகா இருக்குது. எங்க பேரையும் ஒரு மூலையில திருப்பிப் போட்டீங்கன்னா சந்தோசப்படுவோம். ஏழு பேர்ல இப்ப நான் ஒருத்திதான் மிச்சம், வேலைக்குப் போயிட்டு வந்து மிச்ச நேரத்துல பாத்துட்டிருந்தேன், இனிமே முடியலைன்னுதான் சந்தா." அழுகாச்சி! என்கிட்ட எதுக்குங்க அந்தக் கதையெல்லாம்? நான் எழுதச் சொன்னேனா?

அப்புறம் கடைசியா ஒண்ணு கேட்டா. "படத்துல இருக்கற தமிழ் யாரு போட்டது? தமிழ் தெரிஞ்ச சிநேகிதி கிட்டக் காட்டுனேன், அவ அசந்து போயிட்டா. நாங்க ரொம்ப நாளாத் தமிழுக்கு ஆள் தேடிட்டிருக்கறோம். குடுப்பீங்களா? எழுதுனவங்க பேரைப் போடறோம்."

ஆமாங்க, தமிழ். நர்சுப் புள்ளைங்களுக்கு இங்கிலீசு தட்டுத் தடுமாறுதுன்னு, உள்ள இருக்கற எழுத்து பூராத்தையும் தமிழ்ல மாத்தி வெச்சிருந்தேன். நான்னா, நம்ம ஊட்டுக்காரி கலாமணி. நம்ம கம்ப்யூட்டர்ல உக்காந்துதானே எழுதுனா? மொதல்ல நான்தான் இன்டர்நெட்டுல போட்டு மாத்துனேன், 'டெலிவர்டு'ன்னா 'வழங்கப்பட்டது'ன்னு வந்துச்சு. புள்ள பொறந்ததுக்கு வழங்கப்பட்டதாம்! ஃபரீதா விழுந்து விழுந்து சிரிச்சுது. அப்புறம் கலாமணி மாசக் கணக்குல ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தப் புள்ளைங்க கூடவே உக்காந்து, நீங்க இதை வாயில எப்படிச் சொல்லுவீங்க, அதை எப்படிச் சொல்லுவீங்கன்னு கேட்டுக் கேட்டு எழுதுனா. அந்த எடத்துல 'குழந்தை பிறந்தாச்சு'ன்னு போட்டா. 'டிஸ்சார்ஜ்'க்கு 'வீட்டுக்குப் போகலாம்'னு போட்டா. வேலைவெட்டி இல்லாம ஊட்டுல இருக்கறவ, நேரம் போகோணுமில்ல? தமிழ் எம்.ஏ. வேற படிச்சுத் தொலைச்சிருக்கா.

ஆனா கேட்ட ஒடனே தூக்கிக் குடுக்க நான் என்ன இளிச்சவாயனா? சுமேதாவுக்குச் சுடச்சுடப் பதில் போட்டேன். "தமிழ் வேணும்னா சந்தா கட்டுங்க, வருசா வருசம். அப்புறம் குடுக்கறேன்." எப்படி? மூஞ்சியில அடிச்ச மாதிரி இருந்திருக்குமில்ல? எத்தன மாச உழைப்பு அது! ஓசியில வாரிட்டுப் போகலாம்னு பாக்கறா.

அந்த லிங்க்கை வெச்சு மத்தியானத்துக்குள்ள எல்லாம் ஏத்திட்டேன். மயிலும் வந்து நின்னுருச்சு. அந்தப் பொண்ணுக்கும் சுகப் பிரசவம், ஒண்ணும் ஆகல, சும்மா பயந்தாங்க. நான் டாக்டரம்மா ரூமுக்குப் போயி, வைரஸை அடிச்சு வெரட்டியாச்சு மேடம்னேன்.

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "அந்த ஏழு வைரசுக்கும் பேரு இருந்துச்சே மோகன்?" அப்படின்னாங்க.

கத்துனாலாவது பரவால்லீங்க, கத்தல. "நீங்க மிஷினோட மல்லுக்கட்டறப்பவே, ஃபரீதா பாத்த பேரை வெச்சு நான் என் போன்ல தேடிப் பாத்துட்டேன். கூட்டத்துக்கு நடுவுல ஆஸ்பத்திரி பேர்ல சந்தாவும் கட்டிட்டேன், அவங்க இப்பத்தான் கூப்புட்டுப் பேசுனாங்க. உங்க பராமரிப்பு அப்படியே இருக்கட்டும். மயிலும் இருக்கட்டும். அந்தப் பேரை மட்டும் திருப்பிப் போட்டுருங்க." அவ்வளவுதான் சொன்னாங்க. படிச்சவங்களுக்கு வெவரம் பத்தாதுன்னு இதுக்குத்தான் சொல்றது. கேட்டாச் சும்மாவே குடுக்கறவளுக்குக் காசைக் கட்டியிருக்காங்க!

பேரைப் போட்டேனான்னு கேக்கறீங்களா? அதெப்படிங்க போடறது? ஊரே மேதைன்னு சால்வை போட்ட எடத்துல, இதெல்லாம் எவளோ நாக்பூர்க்காரி எழுதுனதுன்னு நானே தட்டி எழுதி மாட்டறதா? பராமரிப்பே வேண்டாமுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மானஸ்தன் நான்.

சரி, போனது ஒரு ஆஸ்பத்திரி. மத்த எடத்துல எல்லாம் நோட்டீஸை எவனும் சரியாப் படிக்கல. படிக்கறதுக்குள்ள போயி அப்டேட்டையே நிறுத்திப் போட்டுட்டா தீர்ந்துது பிரச்சினைன்னு ஒரு வாரங்கழிச்சு ஊரு ஊராக் கெளம்புனேன். அப்டேட் இல்லாட்டி என்ன, பழசு ஓடற வரைக்கும் ஓடட்டும். மொதல்ல வெள்ளகோயில். உள்ள நொழையறேன், நர்சுப் புள்ள சிரிச்சுட்டே ஓடியாருது. "வாங்கண்ணா! அண்ணி பேரெல்லாம் வந்துருக்குது! சொல்லவே இல்லையே நீங்க?"

ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டுச்சு. புது அப்டேட் வந்து உக்காந்திருக்குது. அந்த ஏழு பேரு. அதுக்குக் கீழ எட்டாவதா, தமிழ்: கே. கலாமணி, காங்கயம்.

அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டேன். அந்தப் புள்ள தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு.

என்ன நடந்துருக்குதுன்னா, டாக்டரம்மா கட்டுன சந்தாவை விசாரிக்கக் கூப்புட்டாளே சுமேதா, அப்ப ஃபரீதா கிட்டத் தமிழைப் பத்திக் கேட்டிருக்கா. அது கலாமணி அக்கா எழுதுனதுன்னு சொல்லி, அவ நம்பரையும் குடுத்திருக்குது அந்தப் புள்ள. ஊட்டுக்குப் போயி, என்னடி இதுன்னு கத்துனேன். அவ அருவாமனையில வெங்காயம் அரிஞ்சுட்டிருந்தா. நிமுரக்கூட இல்ல.

"யாரு எழுதுனதுன்னு அவங்க கேட்டாங்க. நான் எழுதுனதுன்னு சொன்னேன். குடுப்பீங்களான்னு கேட்டாங்க. குடுத்தேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"நான் எழுதுனதை நான் குடுக்கறதுக்கு உங்களை எதுக்குக் கேக்கோணும்?"

பாருங்க பேச்சை! சரி, குடுத்தா குடுத்துத் தொலை, அதென்னடி கே. கலாமணி? கல்யாணம் ஆகி இத்தன வருசம் ரேசன் கார்டுல இருந்து பேங்கு வரைக்கும் எம். கலாமணி. ஊரு உலகம் பூரா பாக்கற எடத்துல உங்கப்பன் குப்பண்ணன் பேரைக் கொண்டு போயி முன்னாடி நிறுத்தியிருக்கறயேன்னேன். அதுக்கு அவ, "எம்.ஏ. படிக்கறப்ப கே. கலாமணியாத்தாங்க படிச்சேன்"னுட்டு எந்திரிச்சு அடுப்புக்குப் போயிட்டா. எனக்கு நெஞ்சுல முள்ளு ஏறுன மாதிரி இருந்துச்சுங்க. மயிலுக்குப் பக்கத்துல அந்த எழுத்து இருக்கற வரைக்கும் நான் எந்த ஆஸ்பத்திரிக்குள்ள எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போவேன்? எல்லாரும் இப்ப, கலாமணி அக்கா ஊட்டுக்காரருங்களான்னு கேக்கறாங்க.

எங்க போறேனா? கோயமுத்தூருக்குத்தான். அன்னைக்குக் குடுத்த லிங்க்கு ஒரு தடவையோட சரி, அப்பவும் நான் காப்பி எடுத்து வெக்கல. பீளமேட்டுல ஒருத்தன் இருக்கான், சோர்ஸைக் குடுத்தா, மிஷின்ல ஏத்தற மாதிரி அரைச்சுக் குடுத்துருவானாம். அவன் கேக்கற கூலி சந்தாவை விட ஜாஸ்திதான். ஆகட்டும். அந்தக் கும்பலுக்கு ஒரு பைசா என் கையில இருந்து போகப்படாது.

ஊட்டுலயே வழி இருக்குதுங்க, அதையும் சொல்லிர்றேன். கூட வேலை செஞ்சவங்களுக்கெல்லாம் சந்தா இல்லாமயே பூட்டைத் தொறந்து விடறாளாமா அந்தச் சுமேதா. கலாமணி பேர்ல ஒரு கணக்கு குடுத்திருக்கா, காலம் பூரா டவுன்லோடு பண்ணிக்கலாம். பாஸ்வேர்டு அவகிட்ட. காலையில நான் செருப்பை மாட்டிட்டுக் கெளம்பறப்பக்கூட வாசல்ல வந்து நின்னு, "எதுக்குங்க வெயில்ல அலையறீங்க, ஒரு வார்த்தை கேட்டா நான் குடுத்துர மாட்டேனா"ங்கறா.

சிரிக்காம சொன்னாளுங்க. நக்கலாச் சொல்லியிருந்தா நாலு வார்த்தை நானும் சொல்லிட்டு வந்திருப்பேன். நெசமாத்தான் சொன்னா. கேட்டா, ஒண்ணும் பேசாம எழுதிக் குடுத்துருவா. அதை நெனச்சாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.